காகமும் பனம்பழமும் அயல்வீட்டு விளக்கும்

'காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வடநூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். காகத்தின் பாரத்தாற் பழம் விழவில்லை. பழத்தை வீழ்த்தவெனக் காகம் வந்தமரவுமில்லை. இரண்டும் ஒரு கணத்தில் நிகழ்ந்தன; அவ்வளவே. எனினும் கண்டவன் உள்ளம் அவ்வளவில் அமைவதில்லை. இரண்டிற்கும் இடையே ஒரு தொடர்பைக் கற்பித்து வியப்படைகின்றது.

சென்ற ஆண்டு என் வகுப்பில் இரு மாணவர் ஒரே திகதியிற் பிறந்தவர் என்பது தெரியவந்தபோது பெரும் ஆரவாரம் எழுந்தது. "இது ஊழ்வலி, ஐயா" என்றான் ஒருவன். கணிதம் கற்பிக்கும் நண்பரிடம் இதைக் கூறினேன். அவர் நகைத்தார். 23 பேர் கூடிய இடத்தில் இருவருக்கேனும் பிறந்தநாள் ஒன்றாயிருத்தற்கு வாய்ப்புப் பாதிக்குமேல் என்றும், 40 பேர் உள்ள வகுப்பில் அது நூற்றுக்கு ஏறக்குறைய 89 என்றும் கணக்கிட்டுக் காட்டினார். 40 பேரை இருவர் இருவராக இணைத்துப் பார்த்தால் 780 இணைகள் உண்டாகும். அத்தனையுள் ஒன்று பொருந்துவதில் வியப்பென்ன என்பது அவர் வினா. அன்று முதல் தற்செயலைக் கண்டு நான் மயங்குவது குறைந்தது. ஆயினும் அதனை அடியோடு புறக்கணிக்கவும் மனம் ஒருப்படவில்லை. நம் நாட்டின் பழம்பெயர் ஒன்றே அதற்குக் காரணம்.

பாரசீகரும் அராபியரும் இலங்கையைச் செரந்தீப் என்று வழங்கினர். செரந்தீப்பின் இளவரசர் மூவரைப் பற்றிய பாரசீகக் கதையொன்று 1557 இல் வெனிசு நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. அதனை நினைவிற்கொண்டு ஆங்கில எழுத்தாளர் ஹொறஸ் வோல்பொல், 1754 சனவரி 28 ஆம் நாள் எழுதிய கடிதமொன்றில், 'செரண்டிப்பிட்டி' என்னும் புதுச்சொல்லைப் படைத்தார். தேடாத ஒன்றைத் தற்செயலாகக் கண்டடைதல் என்றே பலரும் அதற்குப் பொருள் கொள்வர். அவரோ தற்செயலுடன் மதிநுட்பத்தையும் சேர்த்தே கூறினார். இளவரசர் தாம் காணாத ஒட்டகத்தின் குறைகளை வழியிற் கண்ட அடையாளங்களைக்கொண்டே உரைத்தவர்கள். நம் அலகேச கதையிலும் அமைச்சர் நால்வர் அவ்வாறே செய்கின்றனர். வழியின் ஒரு பக்கத்துத் தழை மட்டும் கடிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒட்டகத்துக்கு ஒரு கண் இல்லை. வழிப்போக்கர் எல்லாரும் அத்தழையைக் கண்டிருப்பர், கருதினவர் அவர்களே.

கண்டி இராச்சியத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதனை மேலும் விளக்கும். 1660 இல் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்கனின் சிறையாளாய்ப் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிற் கழித்தவர் றொபேட் நொக்ஸ். உடன் பிடிபட்ட தந்தையார் 1661 இல் இறந்துபட, தாமும் காய்ச்சலால் நலிந்து தனித்திருந்தார். ஒருநாள் அவர் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருக்கையில் அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், "உன் எசமானனுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று ஏவற்சிறுவனை வினவினார். போர்த்துக்கேயர் கொழும்பை விட்டகன்றபோது கிடைத்த நூலொன்று தம்மிடம் இருப்பதாகவும் கூறினார். போர்த்துக்கேய நூலாயிருக்கும் என்றெண்ணிய நொக்ஸ் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. முன்னர் ஆங்கிலேயரிடம் ஊழியம் செய்திருந்த சிறுவனோ, நூலைக் கையில் வாங்கியதும் அடையாளம் கண்டு, கூவிக்கொண்டு ஓடிவந்தான். அஃது ஆங்கில விவிலியம்! தம்மிடமிருந்த ஒரே பொற்காசையும் கொடுத்துவிட முற்பட்டவரைத் தடுத்துப் பின்னற்றொப்பி ஒன்றுக்கு மாற்றாக அதனைப் பெற்றுத் தந்தவனும் அச்சிறுவனே. 1681 இல் வெளிவந்த தம் நூலில் நொக்ஸ் இதனை உருக்கமாக எழுதியிருக்கிறார். முதியவர் அவ்வழி வந்தது தற்செயல். சிறுவன் ஓடிவந்தது தற்செயலன்று.

இவற்றையெல்லாம் மாணவர்க்கு எடுத்துரைத்த நானே தவறிய கதையையும் கூறுதல் முறை.

கண்டி கட்டுக்கலை மேட்டில் எங்கள் வீட்டுக்குச் சில படிகள் கீழே, இளைப்பாறிய சிங்கள ஆசிரியர் ஒருவர் தனியே வாழ்கிறார். நான் அவரை "மாஸ்டர் மஹத்தயா" என்பேன். அவர் என்னைப் "பண்டித மஹத்தயா" என்பார். காலையில் ஒரு வணக்கம், மழையைப் பற்றி ஒரு சொல். எங்கள் உறவு அம்மட்டே. கடந்த ஐப்பசியில் ஒருநாட் காலை, கல்லூரிக்குப் புறப்பட்டவன், அவர் வீட்டு முகப்பு விளக்குப் பகலிலும் எரிவதைக் கண்டேன். 'அணைக்க மறந்தார் போலும்' என்று எண்ணிக் கடந்தேன். பேருந்து நிலையம் சென்ற பின்னரே மூக்குக்கண்ணாடியை மறந்தமை தெரிந்தது. சினத்துடன் திரும்பினேன். விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. வாயிற்படியிற் கிடந்த பத்திரிகை மழையில் ஊறியிருந்தது. அழைத்தேன்; மறுமொழி இல்லை. செவிசாய்த்தபோது மெல்லிய முனகல் கேட்டது.

அயலவர் இருவருடன் பின்கதவைத் தள்ளி உட்புகுந்தேன். இடுப்பெலும்பு முறிந்து, கதவருகே கிடந்தார். முச்சக்கர வண்டியிற் படுக்கவைத்தல் ஆகாதென ஒருவர் தடுத்து நோயாளர் வண்டியை வருவித்தார். சத்திரசிகிச்சை முடிந்து அவர் தேறிய பின், "விளக்கை ஏன் இரவெல்லாம் எரியவிட்டீர்கள்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கினார். "மழைக்காலத்தில் படிகள் வழுக்குமல்லவா? நீங்கள் பிந்தி வரும் நாட்களில், உங்கள் படலை ஓசை கேட்ட பின்பே அணைப்பேன். அன்று அணைக்க எழுந்தபோது, கதவடியிற் கசிந்திருந்த நீரில் கால் வழுக்கிவிட்டது" என்றார்.

முந்திய இரவு நூல்வெளியீட்டு விழா ஒன்றுக்குச் சென்று பிந்தி வந்தவன் நான். பல ஆண்டுகளாக அவ்வொளியில் படியேறியும், அஃது எவர்பொருட்டு எரிகின்றது என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அவர் விழுந்துகிடந்த இரவில், மழையோசையில் அவர் குரல் கேளாது சில முழத்துக்கப்பால் உறங்கினேன். விடிந்தபின் கண்ணாற் கண்டும் கடந்து போனேன். மூக்குக்கண்ணாடியை மறந்தது காகதாலீயம். அத்தற்செயல் எனக்கு அளித்தது இரண்டாம் முறை காணும் வாய்ப்பு மட்டுமே. அவ்வாய்ப்பு எல்லார்க்கும் எப்போதும் கிட்டுவதன்று.

இப்போது அவர் கோலூன்றி நடக்கின்றார். அவர் வீட்டுச் சன்னல் திறக்கும் ஓசையைக் கேட்ட பின்னரே நான் காலையிற் குடையை எடுக்கின்றேன். இதனை அவரிடம் சொன்னதில்லை. முகப்பு விளக்கு இன்றும் மாலைதோறும் எரிகின்றது; நான் பொழுதோடு வீடு திரும்பப் பழகிக்கொண்டேன்.