புரதம் சரியாக இருந்தும் பன்றி ஏன் தேறவில்லை?

வங்கியில் ஓய்வுபெற்று பாகூரில் வெள்ளை யார்க்‌ஷயர் கலப்புக் குட்டிகள் வாங்கிவிட்டபோது, பழைய பழக்கத்தில் தீவனத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 50, அரிசித் தவிடு 25, செக்குக் கடலைப் புண்ணாக்கு 23, தாது உப்பு 2. கூட்டிப் பார்த்தால் புரதம் 17 சதவீதம். கணக்கு சரி. ஆனால் குட்டிகள் தேறவே இல்லை. தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தன. கொட்டகையில் அம்மோனியா வாடை கண்ணைக் கரித்தது.

நான் கூட்டியது மொத்த இருப்பை மட்டும்தான். புரதம் என்பது பல அமினோ அமிலங்களின் கூட்டுக் கணக்கு. ஒருவர் கையெழுத்து குறைந்தாலும் பணம் வராது. தானியம் தின்னும் பன்றிக்கு முதலில் குறைவது லைசின். அது தீர்ந்ததும் மிச்சப் புரதம் சதையாகாமல் யூரியாவாகி மூத்திரத்தில் போய்விடும். அந்த வாடை என் புண்ணாக்குக் காசு!

20 முதல் 50 கிலோ வரை வளரும் பன்றித் தீவனத்தில் லைசின் சுமார் 0.95 சதவீதம் வேண்டும் என்கிறது அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1998 பட்டியல். என் கலவையில் 0.6தான். மக்காச்சோளத்தில் லைசின் கால் சதவீதம். கடலைப் புண்ணாக்கில் ஒன்றரை. "எள்ளுப் புண்ணாக்கு போடுங்களேன்" என்றார் பக்கத்து வயல் அண்ணன். எள்ளில் மெத்தியோனின் அதிகம், லைசின் கடலையை விடவும் குறைவு.

கடையில் லைசின் பொடியாகவே கிடைக்கிறது. இயற்கைச் சான்றிதழ் விதிகளில் அதற்கு இடமில்லை. அதனால் மக்காச்சோளம் 50, தவிடு 23, கடலைப் புண்ணாக்கு 5, வறுத்த சோயா 14, கருவாட்டுத்தூள் 6, தாது உப்பு 2 என்று மாற்றினேன். புரதம் ஏறக்குறைய அதே அளவு. லைசின் 0.9ஐத் தாண்டியது. இரண்டு வாரத்தில் வாடை குறைந்தது, அப்புறம் தராசிலும் தெரிந்தது.

சோயாவைப் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. நன்றாக வறுக்கவோ வேகவைக்கவோ வேண்டும். கருவாடு உப்புப் போடாததாக இருக்கட்டும். உப்புக் கூடி, தண்ணீரும் குறைந்தால் பன்றி வலிப்பு வந்து சாகும்.

50 கிலோ தாண்டினால் தேவை 0.75ஆகக் குறைகிறது. அப்போது கருவாட்டின் 6 கிலோவை சோயா 2, மக்காச்சோளம் 4 என்று பிரித்துவிடுவேன். செலவும் மிச்சம். கடைசிவரை கருவாடு போட்டால் கறியில் மீன் வாடை அடிக்கும். கிறிஸ்துமஸுக்கு வாங்கினவர் அடுத்த வருஷம் நம் பக்கம் வரமாட்டார்.