பேய்க்கும் ஒரு கதை வேண்டும்

தமிழ்ப் பேய்ப்படத்தில் பயம், சிரிப்பு, கண்ணீர் மூன்றும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கின்றன. முதல் பாதியில் ஒரு குடும்பமோ நண்பர் கூட்டமோ பழைய பங்களாவுக்குக் குடிபோகும். பயந்த சுபாவம் உள்ள ஒருவர் அங்கே மாட்டிக்கொண்டு சிரிக்க வைப்பார். இடைவேளையில் பேய் யார் உடம்பில் இருக்கிறது என்பது தெரியவரும். பிற்பாதியில் வரும் ஃப்ளாஷ்பேக், அந்தப் பேய் உயிரோடு இருந்தபோது அதற்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்லும். கணக்குத் தீர்ந்ததும் படம் முடியும். கடந்த இருபது ஆண்டுகளில் இந்த அமைப்பில் ஏராளமான படங்கள் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றை இன்றைக்குத் தொலைக்காட்சியில் போட்டாலும் வீடே உட்கார்ந்து பார்க்கிறது. பல படங்களின் பெயர்கூட நினைவில் இல்லை. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது பெரும்பாலும் அந்த ஃப்ளாஷ்பேக்தான்.

பேயையும் நகைச்சுவையையும் சேர்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. 1979இல் ஜி.என்.ரங்கராஜன் இயக்கிய 'கல்யாணராமன்' படத்தில் கமல்ஹாசனுக்கு இரட்டை வேடம். பல் துருத்திய, வெள்ளை மனம் கொண்ட கல்யாணம் கொல்லப்பட்டு, ஆவியாகத் தன் சகோதரனிடம் வந்து நியாயம் கேட்கிறான். பார்ப்பவர் அவனைப் பார்த்துச் சிரித்துப் பழகிய பிறகே அந்தச் சாவு நிகழ்கிறது. அதனாலேயே அது வலிக்கிறது. பிற்காலப் படங்கள் விரிவாகச் செய்தவற்றின் வித்து இங்கேயே இருக்கிறது.

இந்த வகைக்குப் பெரிய சந்தை இருப்பதைக் காட்டிய படம் 2005இல் வந்த 'சந்திரமுகி'. ஃபாசில் இயக்கி 1993இல் வெளியான 'மணிச்சித்ரதாழ்' என்ற மலையாளப் படம்தான் மூலம். பி.வாசு அதை முதலில் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாக எடுத்து, அடுத்த ஆண்டு ரஜினிகாந்தை வைத்துத் தமிழில் எடுத்தார். சென்னை சாந்தி தியேட்டரில் அது 800 நாட்களுக்கு மேல் ஓடியது. கண்டிப்பாகச் சொன்னால் இது பேய்ப்படமே அல்ல. ஜோதிகா நடித்த கங்காவைப் பிடித்திருப்பது மனநோய் என்றும், அவள் தன்னையே சந்திரமுகியாக நம்புகிறாள் என்றும் படம் விளக்கிவிடுகிறது. ஆனால் பார்வையாளர் நினைவில் தங்கியவள் அரசவை நர்த்தகி சந்திரமுகி. காதலனைப் பறிகொடுத்து, அரசனால் உயிரோடு எரிக்கப்பட்ட அந்தப் பெண்ணின் கோபத்தை ஜோதிகா கடைசி அரை மணி நேரத்தில் கண்களிலேயே கொண்டுவந்தார்.

அந்தப் படத்தில் வடிவேலுவின் இடம் தனியாகக் கவனிக்க வேண்டியது. முருகேசன் என்ற அவரது பாத்திரம் வேட்டையபுரம் அரண்மனைக்குள் நுழைந்ததிலிருந்தே நடுங்குகிறது. சிரிப்பு முழுவதும் அந்த நடுக்கத்திலிருந்து பிறக்கிறது. சந்திரமுகியை வைத்து ஒரு கேலி கிடையாது. பயப்படுகிறவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம், பயமுறுத்துவதைப் பார்த்து அல்ல. இதனால் சிரிப்பு அடங்கியதும் பயம் பழைய இடத்திலேயே காத்திருக்கிறது. நகைச்சுவைப் பேய்ப்படத்துக்கு இதைவிட உறுதியான இலக்கணம் இன்னும் வரவில்லை.

ராகவா லாரன்ஸ் இதே இலக்கணத்தைத் தன் உடம்பாலேயே எழுதினார். 2007இல் 'முனி', 2011இல் 'காஞ்சனா'. இருட்டினால் வெளியே போக அஞ்சி, அலறிக்கொண்டு அம்மாவின் இடுப்பில் தாவி ஏறும் வளர்ந்த பிள்ளையாக அவர் வர, கோவை சரளாவும் தேவதர்ஷினியும் மாமியார் மருமகளாக வீட்டுக்குள் இருந்த சின்னச் சின்னப் பயங்களை எல்லாம் சிரிப்பாக்கினார்கள். இந்தக் கலகலப்புக்கு நடுவில் திறக்கும் கதை கனமானது. திருநங்கை என்பதால் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட காஞ்சனாவை ஓர் இஸ்லாமியப் பெரியவர் சேர்த்துக்கொள்கிறார். அவள் கீதா என்ற இளைய திருநங்கையைத் தத்தெடுத்து மருத்துவம் படிக்க வைக்கிறாள். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட வாங்கிய நிலம் அரசியல்வாதியின் கண்ணில் பட, கொலைகள் நடக்கின்றன. காஞ்சனாவாக நடித்தவர் அதிரடி நாயகனாக அறியப்பட்ட சரத்குமார். திருநங்கைகளைக் கிண்டலுக்காக மட்டுமே திரையில் நிறுத்திப் பழகியிருந்த காலத்தில், ஒரு திருநங்கையின் பழிவாங்கலுக்குத் தியேட்டர் முழுக்கக் கைதட்டியது சாதாரண விஷயம் இல்லை. அந்த வேடத்தை ஒரு திருநங்கையே செய்திருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும் என்பதும் உண்மை. 2020இல் லாரன்ஸே இதை இந்தியில் அக்ஷய் குமாரை வைத்து 'லக்ஷ்மி'யாக எடுத்தார். சம்பவங்கள் அப்படியே இருந்தும், அந்த வீட்டுக்குள்ளிருந்த நெருக்கம் அதில் கூடிவரவில்லை.

இதே காலத்தில் சிரிப்பைப் பெரிதாக நம்பாத ஒரு கிளையும் வளர்ந்தது. 2009இல் விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்', தொலைக்காட்சித் தொடரில் நடப்பதெல்லாம் தன் வீட்டிலும் நடப்பதைக் காணும் ஒருவனின் கதை. நடுத்தரக் குடும்பத்தின் வரவேற்பறையே அதில் பயத்தின் இடமானது. அதே ஆண்டு அறிவழகனின் 'ஈரம்' தண்ணீரைப் பேயாக்கியது. குழாயில் சொட்டுவதும் சன்னலில் வழிவதும் போதுமானதாக இருந்தது. கொல்லப்பட்ட மனைவியின் மீது சுமத்தப்பட்ட சந்தேகம்தான் கதையின் மையம் என்பதால், பயத்தைவிட அவளுக்காக ஏற்படும் வருத்தமே மேலோங்கியது. 2012இல் கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா', ஒரு டார்ச் வெளிச்சத்தையும் விஜய் சேதுபதியின் முகத்தையும் வைத்தே நீண்ட நேரம் மூச்சை இறுக்கிப் பிடிக்க வைத்தது.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. விபத்தில் சாகும் ஒரு பெண், கடைசி நொடியில் தன் கையைப் பிடித்தவனின் வீட்டுக்கு வந்து தங்கிவிடுகிறாள். அவன் குடிப்பதைத் தடுக்கிறாள், அவனுக்குக் காவலாக இருக்கிறாள். பழிவாங்கத் தெரியாத, மன்னிக்கத் தெரிந்த பேய் அவள். ராதாரவி அந்தப் பெண்ணின் தந்தையாக அவள் முன் உடைந்து நிற்கும் காட்சி, தமிழ்ப் பேய்ப்படங்கள் தொட்ட மிக உயர்ந்த இடம்.

2014க்குப் பிறகு பேய்ப்படங்கள் குவிந்ததற்குக் காரணம் பணம். ஒரே பங்களா, குறைந்த நடிகர்கள், பெரிய நாயகன் தேவையில்லை. டிஜிட்டல் கேமரா வந்தபின் இரவுக் காட்சி எடுப்பதும் எளிதாகிவிட்டது. அஜய் ஞானமுத்து 2015இல் 'டிமான்டி காலனி'யின் பெரும்பகுதியை ஓர் அறைக்குள்ளேயே முடித்தார். அடைபட்ட அறையையே பயமாக மாற்றியதால் சிக்கனம் அங்கே பலமானது. சுந்தர்.சியின் 'அரண்மனை' வரிசை வேறு வழியில் போனது. பெரிய குடும்பம், நகைச்சுவைப் பட்டாளம், கடைசியில் தெய்வத்தின் துணை என்று கிட்டத்தட்ட ஒரே வரைபடம்தான் 2014 முதல் திரும்பத் திரும்ப வந்தது. இவற்றைப் பார்த்து எடுக்கப்பட்ட மற்ற படங்களில் ஃப்ளாஷ்பேக் வெறும் சடங்காகிவிட்டது. ஒரு பெண்ணை ஏமாற்றிக் கொன்றதாகப் பத்து நிமிடம் காட்டினால் போதும் என்ற எண்ணம் அது. அவளுக்கு ஒரு பெயர், ஓர் ஆசை, ஒரு குணம் எதுவும் கிடையாது. அவள் யாரென்றே தெரியாதபோது அவளுக்காக யாரும் அழுவதில்லை.

சந்தானம் நடித்து ராம்பாலா இயக்கிய 'தில்லுக்கு துட்டு' (2016) கண்ணீரையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. 'லொள்ளு சபா' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் பாணியில் பேயும் கலாய்க்கப்பட்டது. பயம் போய்விட்டது, ஆனால் முழு நகைச்சுவையாக அது நின்றது. இந்தப் பாதையின் சிறந்த படம் ஏ.ஆர்.கே.சரவண் இயக்கிய 'மரகத நாணயம்' (2017). பிணங்களுக்குள் ஆவிகள் புகுந்து, ஆண் குரலில் பேசும் நிக்கி கல்ராணி நாயகனோடு திருட்டுக்குக் கிளம்பும் அந்தக் கற்பனையில் ஒரு துளி சோம்பல் இல்லை.

அண்மைப் படங்களையும் இதே அளவுகோலில் பார்க்கலாம். 2024இல் வெளியான 'அரண்மனை 4' வரிசையின் முந்தைய இரண்டைவிட மேலானது. அசாமியக் கதைகளில் வரும் 'பாக்' என்ற உருமாறும் தீய சக்தி ஒரு புறம், குழந்தையைக் காக்க இறந்த பிறகும் நிற்கும் தாயாக தமன்னா மறு புறம். அந்தத் தாய் இருப்பதால் நகைச்சுவைக் காட்சிகளின் தொய்வு மன்னிக்கப்படுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 'டிமான்டி காலனி 2' முதல் படத்தின் அறையை விட்டு வெளியேறிக் கதையை அகலமாக்கியது. முடிச்சுகள் சுவையானவை, ஆனால் அடைபட்ட இறுக்கம் குறைந்தது. 2025இல் வந்த 'டிடி நெக்ஸ்ட் லெவல்' படத்தில் சந்தானம் திரைவிமர்சகர். அவர் ஒரு பேய்ப்படத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார். யோசனை அபாரமானது, ஆனால் முதல் சில காட்சிகளுக்குப் பிறகு வழக்கமான கலாய்ப்புகளுக்கு இறங்கிவிட்டது. அறிவழகன் அதே ஆண்டு 'சப்தம்' படத்தில் தண்ணீரின் இடத்தில் ஒலியை வைத்தார். கல்லூரி ஒன்றில் நடக்கும் மர்மச் சாவுகளை ஆவிகள் ஆய்வாளர் ஒலியின் வழியே துப்பறிகிறார், தமனின் இசையும் ஒலி அமைப்பும் தியேட்டரிலேயே கேட்க வேண்டியவை. முதல் பாதி 'ஈரம்' படத்துக்கு இணையாக நடக்கிறது. பிற்பாதியில் ஃப்ளாஷ்பேக் ஒன்றுக்குப் பல மனிதர்களையும் பல விளக்கங்களையும் சுமக்கிறது. 'ஈரம்' ஒரே ஒரு பெண்ணின் துயரத்தோடு நின்றுகொண்டது. 'சப்தம்' அப்படி யாரோடும் நிற்கவில்லை.