தை, மாசி மாத வானிலையும் அருவி வெட்டும்

காலபோக நெல் முற்றித் தலைசாய்வதும், தோட்டங்களில் வெண்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியன பயன்தருவதும் தை, மாசி மாதங்களிலேயாம். மாரி கழிந்துவிட்டது, இனி வெயில்தான் என்று எண்ணிக் கமக்காரர் பலர் இக்காலத்தில் வானத்தைக் கவனிப்பதை விட்டுவிடுகின்றனர். ஆனால் நான்கு மாத உழைப்பும், நகையை அடகு வைத்து இட்ட முதலும் இரண்டு நாள் மழையில் அழியக்கூடிய வேளையும் இதுவேயாகும்.

இக்காலத்து வானிலையின் இயல்பு

வடகீழ்ப் பருவக்காற்று டிசெம்பர் முதல் பெப்ருவரி வரை வீசுவது. இதன் பிற்பகுதியில் வட மாகாணத்திலும் அதனை அடுத்த வரண்ட பிரதேசங்களிலும் மழை படிப்படியாகக் குறையும். வானம் தெளிந்திருப்பதனால் பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் விரைந்து வெளியேறுகிறது. ஆகவே விடியற்காலையில் குளிர் மிகுந்து, கடும் பனி பெய்கிறது.

எனினும், வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் தாழமுக்கம் தோன்றுமாயின் இந்நிலை ஓரிரு நாட்களில் மாறிவிடும். 2023 ஆம் ஆண்டு பெப்ருவரி மாத முதல் நாட்களில் இவ்வாறு தோன்றிய தாழமுக்கம் ஒன்று இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்தது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்திலும் நம் தீவின் கிழக்கே ஆழ்ந்த தாழமுக்கம் ஒன்று உருவாயிற்று. இவை அடிக்கடி நிகழ்வன அல்ல. ஆயினும் எதிர்பாராத வேளையில் வருவதனாலேயே பெருந்தீங்கு விளைப்பன.

வாடைக்காற்று வழக்கத்திலும் வலுத்து, தென்கிழக்கில் முகில் திரண்டு, இரவில் பனி இல்லாதொழியுமாயின் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். ஆனால் கண்ணாற் காணும் குறிகளை மட்டும் நம்புதல் போதாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை நாள்தோறும் வானொலியிலோ தொலைபேசியிலோ அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

அறிக்கையில் மழையளவு மில்லிமீற்றரிற் கூறப்படும். 1 மில்லிமீற்றர் மழையென்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 லீற்றர் நீராகும். எனவே 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 2 இலட்சம் லீற்றர் நீர் விழும். அந்நீர் எவ்வழியே வடியும் என்பதை மழைக்கு முன்னரே சிந்தித்தல் நன்று.

வெட்டுவதா, விடுவதா?

கதிர் வெளிவந்து பூத்தபின் ஏறக்குறைய 30 நாட்களில் நெல் முற்றும். கதிரில் நூற்றுக்கு 85 பங்கு மணிகள் பொன்னிறமானால் அதுவே வெட்டும் பருவம். அதற்கு ஏறக்குறைய 10 நாட்களுக்கு முன் வரம்பை வெட்டி நீரை வடித்துவிடுதல் வேண்டும். நிலம் இறுகியிருந்தால் அறுவடை இயந்திரம் புதையாது இயங்கும்; மழை பெய்யினும் நீர் தேங்காது.

மழை வருமென அறிக்கை கூறினால் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. முற்றிய வயலை வெட்டி, அன்றே அடித்து, நெல்லைக் கூரையின் கீழ்ச் சேர்க்க ஆளும் இயந்திரமும் இருப்பின் உடனே வெட்டுக.

2. அவ்வசதி இல்லையேல் வெட்டாது விடுக. ஈர நிலத்தில் வெட்டிக் கிடக்கும் கதிரினும் நிற்கும் கதிரே மழையைத் தாங்கும்.

3. மழைக்கு அஞ்சிப் பச்சை நெல்லை வெட்டற்க. முற்றாத மணி ஆலையில் நொறுங்கிக் குறுநொயாகும்.

4. மழைக்குப்பின் சாய்ந்து நீரிற் கிடக்கும் பகுதியை முதலில் வெட்டுக. இரண்டு மூன்று நாள் தாமதித்தாலும் மணி முளைத்துவிடக்கூடும். அந்நெல்லை நல்ல நெல்லுடன் கலக்காது வேறாக உலர்த்துக.

பனி உலரும்வரை காலையில் வெட்டத் தொடங்குதல் ஆகாது. இயந்திரத்தால் வெட்டிய நெல்லில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் இருப்பதுண்டு. அதனைச் சாக்கிற் கட்டி வைத்தால் ஓரிரவிலேயே சூடேறிப் பழுதடையத் தொடங்கும். படங்கின்மேல் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமற் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்துக. களஞ்சியத்தில் வைக்கும் நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்கைத் தாண்டுதல் கூடாது.

தோட்டப் பயிர்கள்

குளிர்ந்த இரவும், இலையில் நெடுநேரம் தங்கும் பனியும் தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றில் வெளிறல் நோயைப் பரப்புவன. மாலையில் இலை நனைய நீர் இறைத்தலைத் தவிர்த்து, காலையில் அடியில் நீர் பாய்ச்சுக. நோய்கண்ட இலைகளை அகற்றி அழிக்க.

மழை வருமென அறிந்தால் யூரியா இடுதலையும் மருந்து தெளித்தலையும் ஒத்திவைக்க; இட்ட பசளையும் தெளித்த மருந்தும் நீருடன் கழிந்துபோகும். வெண்காயப் பாத்திகளின் வாய்க்கால்களைத் திறந்துவிடுக. தாள் சாய்ந்து முற்றிய வெண்காயத்தை மழைக்கு முன் கிளப்பி, காற்றோட்டமுள்ள கொட்டிலில் கட்டித் தொங்கவிடுக.

மழையைத் தடுத்தல் நம்மால் இயலாது. ஆனால் அது வருமுன் வரம்பை வெட்டுவதும், படங்கை ஆயத்தமாக வைப்பதும், இயந்திரக்காரரிடம் நாள் பேசிக்கொள்வதும் நம் கையிலுள்ளன. அயல் வயற்காரருடன் கலந்து, முற்றிய வயலை முதலாவதாக வெட்ட ஒழுங்கு செய்துகொள்வீர்களாயின் யாவர்க்கும் நட்டம் குறையும். மேலும் அறியவேண்டியவற்றை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்க.