கூடி வாங்கும் மருந்து

நுழையும்முன்

நோய் ஒருவருக்கு வருவது. அதன் செலவோ குடும்பம் முழுவதையும் அழுத்துவது. அச்சுமையைப் பலர் கூடித் தாங்குவதற்காக எழுந்ததே தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம். ஆண்டுதோறும் மருந்துச் செலவு உயரும் இக்காலத்தில் அப்பொதுநிதியைக் காப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மாத்திரையின் விலை

சிவகாசியை அடுத்துள்ள நாரணாபுரத்திலிருந்து பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்லும் பெண் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய மாத ஊதியம் 12,000 ரூபாய். ஐம்பது வயதை நெருங்கும் அவருக்கு இரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் உள்ளன. இரண்டுக்கும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் கையில் பணமில்லை. “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, சம்பளம் வந்தபின் வாங்கிக்கொள்ளலாம்” என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் அறிகுறி காட்டாத நோய். கட்டுப்படுத்தாமல் விட்டால் பக்கவாதமும் சிறுநீரகப் பாதிப்பும் நேரக்கூடும். அன்று மிச்சப்படுத்திய சில ரூபாய், பின்னாளில் பல இலட்சம் ரூபாய்ச் செலவாக மாறலாம்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் காட்டினார் திருவள்ளுவர். இன்று அந்நான்கோடு ‘செலவை ஏற்பவர் யார்?’ என்னும் வினாவும் சேர்ந்துகொண்டது.

பொதுநிதி பிறந்த வரலாறு

இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் பேராசிரியர் பி.பி. அடார்க்கர். தொழிலாளர் நலக் காப்பீடு குறித்து 1944இல் அவர் அளித்த அறிக்கையின் வழியே 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. மக்கள் வழக்கில் ‘இ.எஸ்.ஐ.’ எனப்படும் இத்திட்டம், 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. தமிழகத்தில் 1955இல் கோயம்புத்தூரில் காலூன்றியது.

2019 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, ஊதியத்தில் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளியும் 3.25 விழுக்காட்டை வேலையளிப்பவரும் செலுத்துகின்றனர். நாம் எண்ணிப் பார்த்த தொழிலாளியின் பங்கு 90 ரூபாய். ஆலையின் பங்கு 390 ரூபாய். இந்த 480 ரூபாய் பொதுநிதியில் சேர்கிறது. தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவமும் மருந்தும் அதிலிருந்தே வழங்கப்படுகின்றன. நலமாக இருப்பவரின் பங்கு நோயுற்றவருக்கு உதவுகிறது. நாளை நிலைமை மாறினால் உதவியும் திரும்பி வருகிறது.

செலவு உயர்வது ஏன்?

மக்களின் வாழ்நாள் நீண்டுள்ளது. வாழ்நாள் முழுவதும் மருந்து உண்ண வேண்டிய நோய்களும் பெருகியுள்ளன. புதிய மருந்துகள் காப்புரிமை பெற்று, போட்டியின்றி உயர்ந்த விலையில் விற்கப்படுகின்றன. ஒரே மருந்து பல வணிகப்பெயர்களில் வெவ்வேறு விலைக்கு வருகிறது. சிறிது சிறிதாக வாங்குவோருக்கு விலை பேசும் வலிமையும் இல்லை.

தவறான சிக்கனம்

செலவைக் குறைக்க எளிய வழி, மருந்து விலையில் ஒரு பகுதியை நோயாளியையே கொடுக்கச் சொல்வது. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1970களில் தொடங்கிய பெரும் ஆய்வு இவ்வழியைச் சோதித்தது. செலவு குறைந்தது உண்மை. ஆனால் தேவையற்ற மருத்துவத்தைக் குறைத்துக்கொண்டது போலவே தேவையான மருத்துவத்தையும் மக்கள் குறைத்துக்கொண்டனர். நாரணாபுரத் தொழிலாளி மாத்திரையை நிறுத்தியதும் இவ்வகைச் சிக்கனமே. ஆதலின் நோயாளி உண்ணும் மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது தீர்வாகாது. ஒவ்வொரு மாத்திரைக்கும் கொடுக்கும் விலையைக் குறைப்பதே தீர்வாகும்.

தமிழகம் காட்டிய வழி

அதற்கான வழியைத் தமிழ்நாடு செய்து காட்டியது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு இன்றியமையாத மருந்துகள் எவை எனப் பட்டியலிடப்பட்டது. மாநிலம் முழுமைக்குமான தேவை ஒன்றாகத் திரட்டப்பட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. வணிகப்பெயரால் அன்றி, மருந்தின் மூலப்பெயராலேயே கொள்முதல் நடைபெற்றது. தேவை பெரிதாகத் திரண்டதால் உற்பத்தியாளர்கள் விலையைக் குறைத்துக் கேட்டனர்.

மலிவான மருந்து தரமற்றதாகி விடாதா? கிடங்கில் எடுக்கப்படும் மாதிரியில் நிறுவனத்தின் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண் இடப்பட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. எவருடைய மருந்து எனச் சோதிப்பவருக்குத் தெரியாது. தேறிய மருந்தே நோயாளியைச் சென்றடையும். பின்னர்க் கேரளமும் இராசத்தானும் இத்தகைய கழகங்களை அமைத்தன. ஈட்டுறுதித் திட்டத்திலும் ஒப்பந்தப்புள்ளி வழியே விலையை முன்கூட்டி உறுதிசெய்து மருந்து வாங்கும் முறை உண்டு.

தெரிந்து தெளிவோம்

குருதிப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கோரியது. அதனைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. பழைய மருந்தின் வடிவத்தை மாற்றுவது மட்டும் காப்புரிமைக்குப் போதாது என 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதனால் இந்திய நிறுவனங்கள் அம்மருந்தைக் குறைந்த விலையில் தொடர்ந்து விற்க முடிந்தது.

நம் பங்கு

பொதுநிதியைக் காக்கும் கடமை அரசுக்கு மட்டும் உரியதன்று. மருத்துவர் மூலப்பெயரால் மருந்து எழுதலாம். ஈட்டுறுதித் திட்டத்தில் சேராதோர், 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களையும் 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களையும் நாடலாம். நோயாளி, மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதிருத்தல் வேண்டும். வாங்கிய மருந்தை வீணாக்காதிருத்தலும் வேண்டும்.

இவற்றினும் முதன்மையான கடமை ஒன்றுண்டு. ஆலையின் பதிவேட்டில் பெயரில்லாத தொழிலாளிக்கு இந்நிதியின் கதவு திறவாது. வேலையில் சேரும் நாளிலேயே தம் பெயர் பதிவாயிற்றா, ஈட்டுறுதி எண் கிடைத்ததா என ஒவ்வொருவரும் கேட்டறிதல் வேண்டும். அவ்வெண் கையில் இருந்தால், மாதக் கடைசியிலும் நாரணாபுரத் தொழிலாளியின் மாத்திரை நின்றுபோக வேண்டியதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள மருந்து அட்டைகளில் மூலப்பெயரையும் வணிகப்பெயரையும் கண்டறிந்து பட்டியலிடுக.

2. உங்கள் ஊர்த் தொழிலாளர் ஒருவருக்கு ஈட்டுறுதித் திட்டத்தின் பயன்களை எடுத்துரைக்கும் கடிதம் ஒன்று எழுதுக.