ஏன் என்று கேட்கும் நர்ஸ்



நர்ஸிங் படிப்பு என்றவுடன் ஊசி போடுவதும், புண்ணுக்குக் கட்டுக் கட்டுவதும், காய்ச்சல் பார்ப்பதுமே பலருக்கும் நினைவுக்கு வரும். இவை செய்யச்செய்யக் கை பழகிவிடும். ஆனால் நோயாளியின் அருகில் நின்று, "இவருக்கு ஏன் இப்படி ஆகிறது?" என்று ஆராயும் பழக்கம் தானாக வருவதில்லை. அதையும் கற்றுக்கொடுக்கவேண்டும். அதற்கு உதவும் எளிய முறைகளில் ஒன்று கருத்து வரைபடம்.

அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும் 1972ஆம் ஆண்டு இதை உருவாக்கினார்கள். அறிவியல் பாடங்களைப் பிள்ளைகள் எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்று அறிவதே அவர்களுடைய நோக்கம். பிற்பாடு நர்ஸிங் ஆசிரியர்களும் இதைக் கையாளத் தொடங்கினார்கள்.

முறை இதுதான். ஒரு தாளின் நடுவில் நோயாளியின் முக்கியப் பிரச்சனையை எழுதி வட்டமிட வேண்டும். சுற்றிலும் அறிகுறிகள், பரிசோதனை முடிவுகள், மருந்துகள், வீட்டு நிலைமை ஆகியவற்றை எழுதவேண்டும். தொடர்புள்ளவற்றைக் கோட்டால் இணைத்து, என்ன தொடர்பு என்பதைக் கோட்டின்மேல் எழுதவேண்டும். கோடு போடுவது எளிது. அதன்மேல் என்ன எழுதுவது என்று யோசிக்கும்போதுதான் மாணவிக்குப் பாடம் விளங்குகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். உத்திரமேரூர் வட்டம் பெருநகரைப் போன்ற ஓர் ஊரிலிருந்து, வயல்வேலை செய்யும் பெரியவர் ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களாக அவருக்குச் சர்க்கரை வியாதி. அதனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தது. அதனால் முள் தைத்தது தெரியவில்லை. புண்ணில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தது. காய்ச்சலினால் சாப்பாடு இறங்கவில்லை. இன்சுலின் ஊசியோ வழக்கம்போல் மாலையில் போடவேண்டும்.

வார்டுப் பதிவேட்டில் "இன்சுலின்" ஓரிடத்திலும், "சாப்பிடவில்லை" வேறோரிடத்திலும் இருக்கும். வரைபடத்திலோ இவ்விரண்டையும் ஒரு கோடு இணைக்கிறது: சாப்பிடாமல் இன்சுலின் போட்டால் சர்க்கரை அளவு ஆபத்தாகத் தாழ்ந்துபோகும். இதை வரைந்து பழகிய மாணவி, ஊசி போடுமுன் "தாத்தா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள், இல்லையென்றால் டாக்டருக்குத் தெரிவிப்பாள். இரவில் அவர் வியர்த்து உளறினால், காய்ச்சல்தான் காரணம் என்று இருந்துவிடாமல் உடனே சர்க்கரையைப் பரிசோதிப்பாள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தாமதிக்க நேரமில்லை.

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் நர்ஸுகளுக்கு 1909இல் தொடங்கிய பயிற்சி, 1946இல் பட்டப்படிப்பாக உயர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். டாக்டர் வந்து சேரும்வரை நோயாளியின் பக்கத்தில் நிற்கிறவர் நர்ஸ்தானே! அவருக்குக் கைத்திறமையோடு ஆராயும் அறிவும் வேண்டும்.

இந்த முறைக்குத் தாளும் பென்சிலும் போதும். ஆனால் ஆசிரியையின் நேரம் அதிகம் வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதிய வரைபடத்தால் பயனில்லை. ஒவ்வொரு மாணவியோடும் உட்கார்ந்து, "இந்தக் கோட்டை ஏன் போட்டாய்?" என்று கேட்கவேண்டும். தாளில் நேரும் தவறை அழித்து எழுதலாம். வார்டில் நேரும் தவறை அப்படி அழிக்கமுடியாது.

ஆகவே, நர்ஸிங் கல்விக்கு உதவ எண்ணும்போது கட்டிடத்தையும் கருவிகளையும் மட்டுமல்ல, பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.