வீட்டுக்காரரே சுத்தியல் பிடித்தால்...

போன அடைமழைக் காலத்தில் தானா ராத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் போயிருந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அக்கா, நனைந்த துணியைக்கூட மாற்றாமல் என்னை நேரே அடுப்படிக்குக் கூட்டிப் போனார். அங்கே தரையில் மூன்று வாளி, ஒரு குண்டான். மேலே கூரையிலிருந்து சொட்டுச் சொட்டென்று தண்ணீர்.

"பாருங்க தலைவரே! போன வாரந்தான் ரிப்பேர் பண்ணிட்டுப் போனாங்க. முன்ன ஒரு எடத்துல ஒழுகுச்சு. இப்ப மூணு எடத்துல ஒழுகுது!"

யார் வந்து செய்தது என்று கேட்டேன். ஆபீசிலிருந்து ஒரு தம்பியை அனுப்பினார்களாம். தச்சு வேலை தெரிந்தவரா என்றால், இல்லை. புல் வெட்டுகிறவர். கையில் ஒரு சுத்தியலும், எங்கோ கழற்றிய பழைய தகரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? போ என்றார்கள், போனார். தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டிய ஆணியைப் பள்ளத்தில் அடித்திருக்கிறார். மழைத்தண்ணீர் ஓடுவது பள்ளத்தில்தானே! அதுதான் ஒரு ஒழுக்கு மூன்றானது.

அதோடு போனால் பரவாயில்லை. ஒரு ஒழுக்கு சுவர் வழியே இறங்கி சுவிட்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. "அதத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது மாமா" என்று சின்னப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. முதலில் மெயின் சுவிட்சை அடைக்கச் சொன்னேன். பிறகு கமிட்டித் தோழர்களோடு ஆபீசுக்குப் போய் விடாப்பிடியாக நின்றோம். மறுநாள் வயர்மேன் வந்தார்.

பட்டணத்தில் வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரோடு சண்டை போடலாம். பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்க்கலாம். நமக்கு அப்படி இல்லை. வேலை கொடுக்கிறவரும் அவரே, வீடு கொடுக்கிறவரும் அவரே. அதனால்தான், "வாடகை இல்லாம இருக்கோம், வாயைத் திறந்தா நல்லாவா இருக்கும்?" என்று நம்மவர்கள் வாளி வைத்தே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

தோழர்களே, இந்த எண்ணம் தவறு. வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது துரை காட்டும் தயவு அல்ல, சட்டம் அவருக்கு விதித்த கடமை. 1966-இல் தொழிலாளர் வீடுகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1990-இல் அதன் இடத்தில் 446-ஆம் சட்டம் வந்தது. 2020 ஜூன் முதல் திருத்தப்பட்ட சட்டம் அமலில் இருக்கிறது. குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் கொடுப்பது, வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது எல்லாம் முதலாளி பொறுப்பு. இன்று நம் பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத் தம்பிக்கும், நேப்பாளித் தம்பிக்கும் இதே நியாயம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அனுமதியில்லாமல் வீட்டைக் கூட்டிக் கட்டவோ, மாற்றவோ கூடாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. ரோசக்காரர்கள் சிலர், "அவன் என்ன செய்யறது, நாமே செஞ்சுக்குவோம்" என்று கைக்காசைப் போட்டுச் சுவரை இடித்துக் குசினியை நீட்டுகிறார்கள். நாளைக்கு ஏதாவது சரிந்தால், "நீ கை வைத்ததால் வந்தது" என்று பழி நம் தலையில் விழும்.

இந்தியாவில் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ செத்தால், காயம் பட்டால் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1981-இல் அதைத் திருத்தினார்கள். ஆனால் இடிந்ததற்கு முழுக் காரணம் குடியிருப்பவர் தவறு என்றால் நஷ்டஈடு இல்லை என்றும் அதில் எழுதினார்கள். அது அந்த நாட்டுச் சட்டம்தான். ஆனாலும் தவறு யாருடையது என்ற கேள்வி எந்த நாட்டிலும் முதலில் வரும்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவது, வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன பழுது, எந்த அறை, என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, யார் வருகிறார் என்று கேளுங்கள். தகரம் மாற்றத் தோட்டத்து ஆளே வரலாம். வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். மின்சார வேலை அப்படி அல்ல. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் அதில் கை வைக்கலாம்.

மூன்றாவது, மெயின் சுவிட்சுப் பெட்டியில் 'டெஸ்ட்' பொத்தான் இருக்கிறதா பாருங்கள். மாதம் ஒரு தடவை அமுக்குங்கள். விளக்கு பட்டென்று அணைந்தால் காவல்காரன் விழித்திருக்கிறான். அணையாவிட்டால் தூங்குகிறான், உடனே ஆபீசில் சொல்லுங்கள்.

நான்காவது, பழைய கூரையில் அலை அலையான சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு இருந்தால் எச்சரிக்கை. அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்க அதை அறுக்கவோ, உடைக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் தங்கி, பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும்.

ஐந்தாவது, வேலை முடிந்ததும் ஒரு மழை பார்க்காமல் 'சரி' என்று கையெழுத்துப் போடாதீர்கள். ஆபீசில் காரியம் ஆகாவிட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். அடுத்தது தொழிலாளர் இலாகா.

அந்த அக்கா வீட்டுக் கூரையை ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். புதுத் தகரம், கூடவே இற்றுப்போன இரண்டு சட்டமும் மாற்றியிருந்தார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்படித் தரை காய்ந்து கிடந்தது. வாளியில் பிள்ளைகளின் துணி ஊறிக்கொண்டிருந்தது.

"எழுதிக் கொடுத்தோம் தலைவரே, அவ்வளவுதான்" என்றார் அக்கா. இத்தனை வருசம் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோமே, ஒரு தாளில் எழுதினோமா?