முடிவெட்டும் பொறியின் மின்மோட்டர்

கத்தரிக்கோலின் ஓசைக்கு ஒரு காலத்திற் பழகியிருந்த சலூன்களில் இன்று ஓயாது கேட்பது மின்சாரப் பொறியின் ரீங்காரமாகும். "மிசின்" என்று மக்கள் வழங்கும் இப்பொறி உள்ளங்கையில் அடங்குவது. ஆயினும், இதனுள் அமைந்த மோட்டரின் இயல்பை அறியாது வாங்கிப் பணத்தை இழந்தோர் பலர். காரைதீவுக்கும் ஒலுவிலுக்கும் இடையே கடலை நோக்கி அமைந்த நிந்தவூர் போன்ற ஊர்களில் இவ்வறிவு மிகுதியும் வேண்டற்பாலது. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

முதலில், பொறியின் தொழிலைக் காண்போம். இதன் முனையில் இரண்டு பற்றகடுகள் உள. ஒன்று அசையாது நிற்பது. மற்றொன்று அதன்மேல் இடமும் வலமுமாக ஓடுவது. இரண்டு பற்களுக்கிடையே அகப்படும் முடி, கத்தரியின் இரு அலகுகளுக்கிடையே அகப்பட்டாற்போல வெட்டுண்கிறது. ஆகவே மோட்டர் செய்யவேண்டியது சுழற்சியன்று. விரைவான முன்பின் அசைவு. மேலும், அது நாள் முழுவதும் ஒருவர் கையில் இருக்கவேண்டியது. மற்றொருவர் காதோரம் இயங்கவேண்டியது. பாரம் குறைதல், சூடேறாமை, அதிராமை ஆகிய மூன்றும் இதன் வடிவமைப்பாளர் எதிர்நோக்கும் தேவைகள்.

தொடக்ககால மின்சாரப் பொறிகளில் மோட்டர் தனியே நிற்க, வளையும் தண்டு ஒன்றின் வழியே அதன் சுழற்சி கைப்பிடிக்கு வந்தது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துச் ஸ்ரேர்லிங் என்னும் ஊரினரான லியோ வால் என்பவர், மின்காந்தத்தாலேயே தகட்டை அசைக்கும் பொறிக்கு 1919 இல் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். சுழலும் உறுப்பே இல்லாத இம்முறை, இன்றும் சலூன்களிற் பரவலாக உள்ளது.

இதன் அமைப்பு எளிது. மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய ஓர் உள்ளகத்தின்மேற் செப்புக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். திண்ணிய ஒரே இரும்புக் கட்டியை வைத்தால் அதனுள் சுழியோட்டங்கள் தோன்றிச் சூடாக்கும்; தகடுகளாகப் பிரித்தல் அதனைத் தடுப்பதற்கே. உள்ளகத்துக்கு எதிரே, சிறு இடைவெளி விட்டு, வில்லினாற் பிடிக்கப்பட்ட ஓர் இரும்புக் கரம் நிற்கும். மின் பாய்ந்ததும் காந்தம் கரத்தை இழுக்கிறது. மின் தணிந்ததும் வில் அதனைத் திருப்புகிறது. கரத்தோடு தகடும் அசைகிறது.

இலங்கையில் வீடுகளுக்கு வரும் மின் 230 வோல்ட் அழுத்தமும் செக்கனுக்கு 50 சுழற்சியும் உடைய ஆடலோட்டமாகும். ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இருமுறை உச்சம் அடையும், ஒருமுறை இத்திசையிலும் ஒருமுறை மறுதிசையிலுமாக. இரும்பை இழுப்பதற்குத் திசை ஒரு பொருட்டன்று. எனவே கரம் செக்கனுக்கு 100 முறை, அதாவது நிமிடத்துக்கு 6,000 முறை இழுபடுகிறது. 60 சுழற்சி உள்ள அமெரிக்காவிலோ இத்தொகை 7,200 ஆகும்.

இவ்விடத்திற் கவனிக்கவேண்டியது வில்லின் பங்கு. ஊஞ்சலை அதன் இயல்பான ஆட்டத்துக்கு இசைவாகத் தள்ளினால் சிறு விசையே பெரும் வீச்சைத் தரும்; இசைவு தப்பினால் எத்துணைத் தள்ளினும் பயன் குறைவு. இவ்வியல்பைப் பரிவு என்பர். வில்லும் கரமும் சேர்ந்த தொகுதி, மின்னின் இழுப்புக்கு ஏறத்தாழ இசைந்து அதிரும்படி தொழிற்சாலையில் அமைக்கப்படுகிறது.

நிந்தவூருக்கு இது எவ்வாறு தொடர்புடையது? தொழிலுக்காகவும் உம்றா, ஹஜ் கடமைகளுக்காகவும் சவூதி அரேபியா சென்று திரும்புவோர் இக்கரையின் ஊர்கள்தோறும் உளர். அவர் கொணரும் பொருள்களுள் முடிவெட்டும் பொறியும் ஒன்று. சவூதியின் மின் 60 சுழற்சி உடையது. அங்குப் பழைய கட்டடங்களில் 127 வோல்ட் அழுத்தமும் வழங்கிற்று. 127 வோல்ட்டுக்குரிய பொறியை 230 வோல்ட்டிற் செருகினால் சுருளிற் பிறக்கும் வெப்பம் மூன்று மடங்குக்கு மேலாகும். சுருள் கருகுவது திண்ணம். இதனை அறிந்தோர் அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றை வாங்குவர். ஆயினும் பொறி தளர்ந்தே ஓடும். முடியை வெட்டாது இழுக்கும். ஏனெனில் மின்மாற்றி அழுத்தத்தை மாற்றுமேயன்றிச் சுழற்சித் தொகையை மாற்றாது. செக்கனுக்கு 120 இழுப்புக்கு அமைந்த வில்லை 100 இழுப்பு ஆட்டமுடியாது. சுழற்சி குறையவே சுருளில் ஓட்டமும் கூடிக் கைப்பிடி சூடேறும். தொழிலாளி பொறியைப் பழிப்பார். பழுது பொறியிலன்று, பொருத்தத்திலேயே உள்ளது. ஐக்கிய அரபு இராச்சியம், கட்டார், குவைத்து ஆகிய நாடுகளின் மின் 50 சுழற்சி உடையதாகையால், ஆங்குள்ள மின்னுக்கெனச் செய்த பொறிகளுக்கு இவ்விடர் இல்லை.

பொறியின் பக்கத்தில் உள்ள சிறு திருகாணி, கரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியை மாற்றுவது. "கடகட" என்ற ஓசை எழும்வரை அதனை வலப்புறம் திருகி, ஓசை அடங்கி ரீங்காரம் மட்டும் எஞ்சும் அளவுக்கு மீளத் திருகுதல் முறையாகும். மின்னழுத்தம் ஏறியிறங்கும் இடங்களில் இச்சீராக்கம் பயன் தரும். எனினும் 60 சுழற்சிப் பொறியை 50 சுழற்சிப் பொறியாக்கும் வலிமை அதற்கு இல்லை.

இரண்டாம் வகை, காபன் தூரிகைகளும் திசைமாற்றியும் கொண்ட சுழல் மோட்டர். மையம் விலகிய முளை ஒன்று சுழற்சியை முன்பின் அசைவாக்குகிறது. இதன் வேகம் மின்னின் சுழற்சித் தொகையைச் சார்ந்ததன்று. அடர்ந்த முடியிலும் வலிமை குன்றாது. ஆனாற் பாரம் மிகுதி, தூரிகைகள் தேயும், வெட்டுண்ட முடித்துகளும் உப்பங்காற்றும் உட்புகுந்தால் தீப்பொறி மிகும். கடலோர ஊர்களில் நாளும் துடைத்தலும், தகட்டுக்கு ஓரிரு துளி எண்ணெய் இடுதலும் அதனால் இன்றியமையாதன.

மூன்றாம் வகை, மின்கலத்தால் ஓடும் நேரோட்ட மோட்டர். நிலைக்காந்தங்களின் நடுவே சுழலும் இச்சிறு மோட்டருக்கு இன்று இலிதியம் கலங்கள் துணையாயின. தூரிகையே அற்ற வகையும் வந்துள்ளது. 2022 மார்ச்சு இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம்வரை மின் தடைப்பட்டபோது, சுவர்மின்னை மட்டும் நம்பிய பொறிகள் ஓய்ந்தன. மின்கலப் பொறிகளும் பழைய கத்தரிக்கோலுமே கைகொடுத்தன. இவற்றின் மின்னேற்றிகள் பல, 100 முதல் 240 வோல்ட் வரையும் 50, 60 ஆகிய இரு சுழற்சிகளுக்கும் ஏற்றவை. ஆகவே சவூதியில் வாங்கினும் ஈண்டுப் பயன்படும்.

கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களில் ஒஸ்தாமார் வழிவழியாக முடிகளைந்து வந்தவர். பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாள் முடிகளையும் வழக்கம் இன்றும் உண்டு. அத்தகைய மென்மையான தலையிற் சூடேறிய தகடு படுதல் ஆகாது. பெருநாளுக்கு முந்திய இரவில் ஓய்வின்றி ஓடும் பொறியையும் இடையிடையே ஆறவிடுதல் நலம். கம்பியின் உறை வெடித்திருப்பின் ஈரக்கையால் தொடுதல் உயிருக்கே கேடாகும்.

வாங்குமுன் பொறியின் முதுகிற் பொறித்துள்ள சிற்றெழுத்தைப் படித்தல் வேண்டும். 230 வோல்ட், 50 சுழற்சி என்பவை அதில் அடங்குமாயின் பொறி இந்நாட்டு மின்னுக்கு உரியது. 60 சுழற்சி மட்டும் குறித்த காந்தப் பொறியாயின், விலை எத்துணை மலிவாயினும் அது இங்கு உழைக்காது.